மேடைக்கு அடியில் வைத்த மைக்

என் மகனின் கடை மேல்தட்டில் ஒரு பழைய மைக் இருக்கிறது. தலைப்பக்கத்து வலை ஒரு புறமாக உள்ளே நசுங்கியிருக்கும். கட்டைவிரலை வைத்தால் அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்காரும். ஒயர் அறுந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆள் உயரத்துக்கு அடுக்கிய கறுப்புப் பெட்டிகளும், விரல் பட்டாலே விளக்கெரியும் மிக்ஸர்களுமாக இருக்கிற கடையில் அது ஓட்டை உடைசல்தான். கடையை இடித்துப் பெரிதாக்கியபோது மகன் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தான். நான் போட்ட கத்தலில் எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். வயதான காலத்தில் அத்தாவுக்கு மைக் மேல் பைத்தியம் என்று என் மருமகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். சிரிக்கட்டும். அந்தப் பள்ளம் விழுந்த கதையை அவனிடம் நான் சொன்னதே போன வருடம்தான். அதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளப் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி வெட்கக்கேடு. ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது என்பதால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளில் வில்லியனூரில் மைக் செட் என்றால் நான்தான். கோயில் தேருக்கும் மாதா தேருக்கும் தர்கா சந்தனக்கூட்டுக்கும் என் குழாய்கள்தான் போகும். வாய் அகன்ற கூம்பு ஒலிபெருக்கியைத்தான் எங்கள் பக்கத்தில் குழாய் என்பார்கள். தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டால், காற்று வாட்டமாக அடிக்கும் நாளில் கூடப்பாக்கம் வரைக்கும் கேட்கும். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதே கிடையாது. ஆனால் என்னிடம் ஒரு கோளாறு இருந்தது. சத்தமில்லாமல் இருப்பது எனக்கு ஆகாது. ஒரு இசைத்தட்டு முடிந்து அடுத்ததை வைப்பதற்குள் வரும் அரை நிமிட இடைவெளியில்கூட எனக்குக் கை பரபரக்கும். கூட்டம் கூடியிருக்கும் இடத்தில் குழாய் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என் தொழிலுக்கே அவமானம் என்று நினைத்த ஆள் நான். ஒன்றும் இல்லாவிட்டால் 'மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் கடையின் இடப்பக்கச் சுவர் பொதுச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் உரக்கடைக்காரர் வீடு. கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை அவருடையது. நல்ல மனிதர் என்று பேர் வாங்கியவர். சட்டைப்பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும், எதிர்ப்படும் குழந்தைகளுக்கெல்லாம் கொடுப்பார். திருவிழாக் கமிட்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை; எந்த மைக் செட் வரவேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். அவருடைய மனைவி பால்வாடியில் டீச்சர். பாகூர் ஏரிப் பக்கத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர் என்றாலும் நானும் ஊரோடு சேர்ந்து டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதுதான் காரணம் என்று ஊர் தன்பாட்டுக்கு ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்குக் காரணம் என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

உரக்கடைக்காரர் ஒரு மணிக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவார். நான் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது மூட்டை எதையோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சுவரில் மாட்டியிருந்த ஒயர்ச் சுருள் லேசாக ஆடியது. இரண்டாவது முறை, வேறொரு நாள் கேட்டபோது, விழுந்தது மூட்டை இல்லை என்று புரிந்தது. அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய ஒரு குரல். எதிர் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பேச்சு நின்றுபோய் எல்லாரும் கையில் இருந்த கிளாஸையே பார்த்தார்கள். டீக்கடைக்காரர்தான் அங்கிருந்து குரல் கொடுத்தார்: "பாய், பாட்டு போடு பாய்." கையில் அகப்பட்டதை எடுத்து வைத்தேன். நாகஸ்வரத்தில் ஆரம்பிக்கிற ஒரு கல்யாணப் பாட்டு. கடை வாசலில் இருந்த குழாய் முழுச் சத்தத்தில் ஊதியது. டீக்கடையில் மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. தினமும் நடக்கிற சங்கதி இல்லை. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். சுவரில் சத்தம் கேட்டதும் டீக்கடையிலிருந்து "பாய், பாட்டு" என்று ஒரு குரல் வரும். நாளாக ஆக அந்தக் குரலும் தேவைப்படவில்லை. சுவர் அதிர்ந்தால் என் கை தானாக ஊசியைத் தூக்கித் தட்டின் மேல் வைக்கும். அதே நாகஸ்வரம், அதே கல்யாணப் பாட்டு. இப்படி ஆறு வருடம். அதை நாங்கள் பாவம் என்று நினைக்கவில்லை. இதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளை அழுகிற சத்தம் தெருவுக்கு வந்தால் அவளுக்குத்தானே அசிங்கம், வீட்டு மானத்தை மூடிவைப்பது அக்கம்பக்கத்தாரின் கடமை என்று மனதார நம்பினோம். தொழுதுவிட்டு வந்த கையோடு அந்த வேலையைச் செய்தேன். தொப்பியைக்கூடச் சில நாள் கழற்றியிருக்க மாட்டேன்.

இரண்டு மணிக்கு டீச்சரம்மா தலைவாரி, பொட்டு வைத்து, பால்வாடிக்குக் கிளம்புவார். என் கடையைத் தாண்டும்போது ஒரு தலையசைப்பு. நானும் அசைப்பேன். எனக்கு நன்றி சொல்கிறார் என்றுகூட நினைத்திருக்கிறேன், எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள். இரண்டு தடவை பாகூருக்குப் போய்விட்டார். இரண்டு தடவையும் அண்ணன்மார் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, மச்சான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது தடவை வந்து இறங்கியபோது டீச்சரம்மா கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. வாசலில் நின்று அந்த வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருடம் பால்வாடி டீச்சர்களுக்குப் புதுச்சேரியில் இரண்டு மாதப் பயிற்சி வைத்தார்கள். டீச்சரம்மா காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவார். அங்கே குழந்தைகளுக்கு விளையாட்டும் உடற்பயிற்சியும் சொல்லித்தர ஒரு அம்மாள் வந்திருக்கிறார். வெளிநாட்டில் நடனம் படித்துவிட்டு வந்தவராம். அந்த நடனத்தில் முத்திரை கிடையாது, சலங்கை கிடையாது, சாமி கதை கிடையாது. உடம்பு தினமும் என்ன செய்கிறதோ அதிலிருந்துதான் ஆட்டம் வரவேண்டும் என்று சொல்வாராம். மூட்டை தூக்குகிறவன் தோள், நாற்று நடுகிறவள் முதுகு, பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவன் கால். ஒருநாள் ரேடியோவைச் சரிசெய்யப் பால்வாடிக்குப் போயிருந்தபோது டீச்சரம்மா இதையெல்லாம் எனக்குச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. குழந்தைகள் தரையில் பொத்துப்பொத்தென்று விழுந்து எழுந்துகொண்டிருந்தன. அடிபடாமல் விழுவது எப்படி என்று டீச்சரம்மாதான் அவற்றுக்குச் சொல்லித்தந்திருக்கிறாராம். "விழத் தெரிஞ்சா பயம் போயிடும் பாய்" என்றார். நான் தலையாட்டிவிட்டு ரேடியோவின் பின்பக்கத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மாதர் சங்க ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவரே என் கடைக்கு வந்தார். உரக்கடைக்காரர் சரக்கு எடுக்கக் கடலூர் போயிருந்தார். விழாவில் குழந்தைகள் ஆட்டம் முடிந்ததும் தான் ஒரு நடனம் ஆடப்போவதாகவும், அதற்குப் பாட்டே வேண்டாம் என்றும் சொன்னார். நான் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன்.

"இன்னா டீச்சரம்மா, பாட்டு இல்லாம டான்ஸா? ஜனங்க கல்லால அடிப்பாங்க."

"அடிக்கட்டும் பாய். எனக்கு அடி புதுசா?"

ஆறு வருடத்தில் அதைப் பற்றி எங்களுக்குள் வந்த முதல் பேச்சு அதுதான். நான் ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். அவர் நிறுத்தவில்லை. "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. மத்தியானத்துல நீங்க ஏன் பாட்டு போடறீங்க?" என்றார். உங்கள் வீட்டு மானம் தெருவுக்கு வரவேண்டாம் என்றுதான் என்று எதையோ முணுமுணுத்தேன். அவர் கோபப்படவில்லை, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார்: "முன்னெல்லாம் வெளியில கேட்டுடுமோன்னு அவருக்கு ஒரு பயம் இருந்துச்சு பாய். ஒரு அடியோட நிறுத்திடுவாரு. நீங்க பாட்டு போட ஆரம்பிச்சப்புறம் அந்தப் பயம் போயிடுச்சு. இப்பல்லாம் மொத அடி அடிச்சிட்டு, நாகஸ்வரம் வர்ற வரைக்கும் காத்துனு இருக்காரு."

ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகு, அந்தக் கேள்வியே அசிங்கமாக இருந்தது. "சொல்றதுக்கு இன்னா இருக்கு? தெருவுக்கே தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்லலாம், தெரிஞ்சவங்களுக்கு இன்னா சொல்றது? அவங்கள உக்காரவெச்சு பாக்கவெக்கணும். அதுக்குத்தான் டான்ஸு. பாட்டு போட்டா பாட்டக் கேட்டுனு போயிடுவாங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று, "எனக்கு ஒரு பத்து நிமிஷம் சத்தமில்லாம குடுங்க பாய். அது போதும். அன்னிக்கும் மூடிட்டா, அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். தருகிறேன் என்றேன். அல்லா சாட்சியாகத் தருகிறேன் என்றேன்.

பள்ளிக்கூட மைதானத்தில், காலி டிரம்களை அடுக்கி மேலே பலகை பரப்பி மேடை போட்டிருந்தார்கள். மதியம் மூன்று மணி. பெண்கள்தான் அதிகம், கடைத்தெரு ஆண்களும் வந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரிகளுக்குப் பக்கத்தில் உரக்கடைக்காரர், வெள்ளை வேட்டி சட்டையில். மனைவி குழந்தைகளை வைத்துக் கும்மி அடிக்கப்போகிறாள் என்று நினைத்துப் பெருமையாக உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் முடிந்தது. குழந்தைகள் என் இசைத்தட்டுகளுக்கு ஆடி முடித்துக் கைத்தட்டு வாங்கின. மேடைக்குப் பக்கவாட்டில் மேசை போட்டு நான் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது டீச்சரம்மா மேடையேறினார். சாயம் போன நூல் புடவை, நடவுக்கு இறங்குகிறவர்களைப் போல முழங்காலுக்கு வாரிச் செருகியிருந்தார். கொண்டை. முகத்தில் பவுடர்கூட இல்லை. பின்னாலிருந்து எவனோ, "பெருக்கினது போதும்மா, டான்ஸ் ஆடறவங்கள வரச்சொல்லு" என்று கத்த, கூட்டம் சிரித்தது.

அவர் நடு மேடையில் உட்கார்ந்து, இல்லாத முறத்தைக் கையில் எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார். அரிசி இல்லை, முறம் இல்லை, ஆனால் அந்தக் கைகளின் வேகத்தில் நொய் பிரிந்து போவது தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்கியது. கொஞ்ச நேரம் அதுதான். திடீரென்று அவருடைய தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. திருப்பவில்லை, திருப்பப்பட்டது. அங்கே யாருமே இல்லை. தோள், இடுப்பு, உள்ளங்கை என்று வரிசையாக உடம்பு பலகையில் விழுந்தது. தொம் என்று ஒரு சத்தம்.

அது என் கடைச் சுவரில் கேட்கிற அதே சத்தம். அணுவளவும் மாற்றமில்லை. அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, என் கை செய்தது என்று சொல்வதா, தெரியவில்லை. குழந்தைகள் பாட்டு முடிந்த பிறகு தட்டு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் மேல் பழக்கதோஷத்தில் நானே அடுத்த இசைத்தட்டை மாற்றி வைத்திருக்கிறேன். ஊசி இறங்கிவிட்டது. நாகஸ்வரம் இரண்டு குழாயிலும் பிளந்துகொண்டு கிளம்பியது. கல்யாணப் பாட்டு. கூட்டம், அப்பாடா, செட் சரியாகிவிட்டது என்று கைத்தட்டியது.

டீச்சரம்மா எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்தில், ஒரு கையை ஊன்றி, பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை அது. உனக்குமா என்கிற பார்வை. ஆறு வருடமாக அடி வாங்கியதில் அவர் உடம்பு எதைப் பழகியிருந்ததோ, ஆறு வருடமாக அதை மூடியதில் என் கையும் அப்படியே பழகிப்போயிருந்தது. அல்லா சாட்சியாகக் கொடுத்த வாக்கு அந்தக் கைக்குத் தெரியவில்லை. ஊசியைத் தூக்கினேன். கீறிக்கொண்டு நின்றது பாட்டு.

அமைதியான மைதானத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உரக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார். மேடையில் நடப்பது என்னவென்று எல்லாரையும்விட முதலில் புரிந்தது அவருக்குத்தான். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே சொன்னார்: "பாய், பாட்டு போடு பாய்."

டீக்கடையிலிருந்து வருகிற அதே வார்த்தைகள். கடைத்தெருவில் அதைக் கேட்டுப் பழகாத காது கிடையாது. பெண்கள் பக்கம் தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். எனக்கும் அவரைப் பார்க்கப் பயம்தான். தேர்த் திருவிழா அவர் கையில் இருக்கிறது, பக்கத்து வீடு வேறு. ஆனால் மேடையில் ஒரு கையை ஊன்றியபடி அந்தப் பெண் இன்னும் அப்படியேதான் இருந்தார், நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் பயப்பட எனக்கு வெட்கமாக இருந்தது. இசைத்தட்டை எடுத்து உறையில் போட்டேன். எழுந்து போய், மேடை ஓரத்தில் நின்ற மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றினேன். குனிந்து மேடைக்கு அடியில் புகுந்து, அவர் விழுந்த இடத்துக்கு நேர் கீழே, அங்கே கிடந்த ஒரு குட்டை டிரம்மின் மேல் இரண்டு செங்கல்லை அடுக்கி, தலை பலகையை முட்டுகிற மாதிரி அதை நிறுத்தினேன். திரும்பி வந்து சத்தத்தைக் கூட்டினேன். என்ன செய்கிறேன் என்று டீச்சரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இப்போது அவர் விழுந்தது தென்னை மரத்துக் குழாய் இரண்டிலும் கேட்டது. கோயில் கோபுரத்தில் இருந்த புறாக்கள் கிளம்பின. ரயில் நிலையத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். விழுவார், எழுந்து அதே இடத்தில் வந்து உட்கார்ந்து, அதே வேகத்தில் புடைப்பார். மறுபடியும் விழுவார். எழுந்திருக்கிற நேரம்தான் ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போனது. புடைக்கிற வேகம் குறையவே இல்லை. அதைப் பார்ப்பதுதான் விழுவதைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அடி வருவதற்கு முன்னாலேயே வலது தோள் காதுவரை ஏறி முகத்தை மறைத்தது. பிறகு அடி விழுவதே நின்றுவிட்டது. தோள் மட்டும் நிற்கவில்லை. குனிந்து சோறு போடுகிறார், தோள் ஏறுகிறது. தலை வாருகிறார், ஏறுகிறது. ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக் கொஞ்சுகிறார், அப்போதும் ஏறுகிறது, குழந்தையையும் சேர்த்து மறைக்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தன் தோளைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் எத்தனையோ கூத்துக்கும் நாடகத்துக்கும் செட் போட்டவன். கூத்தில் கெட்டவன் வருவதற்கு முன்னாலேயே அவனுக்கான பாட்டு வந்துவிடும். மீசையும் கண்ணும் பார்த்ததும் தெரியும். அடித்தால் தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். அழுதால் ஆர்மோனியம் கூடவே அழும். எல்லாம் முடிந்து கெட்டவன் செத்துப்போவான், நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். இந்த ஆட்டத்தில் அடிக்கிறவனே இல்லை. அதனால் அவனைத் திட்டிவிட்டு நான் வேறு, அவன் வேறு என்று எழுந்துபோக வழியில்லை. அழுவதற்கும் யாரும் சொல்லித்தரவில்லை. வலி எப்படி வருகிறது என்பதைக் காட்டாமல், வந்த வலி எங்கே போய்த் தங்குகிறது என்பதைக் காட்டினார். சோறு போடுகிற கையில், தலை வாருகிற கையில், குழந்தையைத் தூக்குகிற இடுப்பில். ஒரு மைக் செட்காரனின் விரலில்கூட. இதை அன்றைக்கே இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று புளுக மாட்டேன். அன்றைக்கு என் கை மறுபடியும் ஊசிப் பக்கம் போகாமல் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நின்றுகொண்டு, இடது கையால் அந்த வலது தோளைப் பிடித்து இறக்கினார். அது ஏறியது. இறக்கினார். ஏறியது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. ஒரு தடவை இறக்கியபோது அது அப்படியே நின்றது. கையை எடுத்தார். நின்றது. அப்போது வலது காலைத் தூக்கி, குதிகாலால் பலகையில் ஓங்கி ஒரே ஒரு மிதி மிதித்தார். குழாயில் இடி மாதிரி கேட்டு, கர்ரென்று கரகரத்து, மைக் செத்துப்போனது. கும்பிடுகூடப் போடாமல் மேடையை விட்டு இறங்கிவிட்டார். யாரும் கைத்தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

பலகையைப் பிரிக்கும்போது டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். பலகை வளைந்து இடித்ததில் மைக்கின் வலை உள்ளே போயிருந்தது. "உடைஞ்சிடுச்சா பாய்?" என்றார். "வலைதான் நசுங்கிச்சு. ஒயர மாத்தினா பேசும்" என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. "நாளைக்கு ஒரு மணிக்கு கடையில இருங்க" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் மாதர் சங்கத் தலைவி வீட்டில் தங்கினார். மறுநாள் காலை, எல்லாரும் பார்க்க, தன் வீட்டுக்கே நடந்து போனார்.

ஒரு மணிக்குச் சுவர் அதிர்ந்தது. ஒயர்ச் சுருள் ஆடியது. என் கையை நான் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். டீக்கடையிலிருந்து குரல் வரவில்லை. தெரு முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் இரண்டாவது சத்தம், அதற்குப் பிறகு டீச்சரம்மாவின் குரல், இந்தத் தடவை அடக்காமல். நான் எழுந்து வெளியே வந்தபோது டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் போய்க் கதவைத் தட்டினோம். உரக்கடைக்காரர் திறந்தார். "இன்னா பாய்?" என்றார். வரும்போது என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "சத்தம் கேட்டுச்சு" என்றேன். அவ்வளவுதான். உள்ளே போகவில்லை, திட்டவில்லை. அங்கேயே நின்றோம். எங்களுக்குப் பின்னால் மூன்று நாலு பேர் வந்து நின்றார்கள். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடாமலே கடைக்குப் போனார். அதற்கப்புறம் நாலைந்து தடவை அப்படிப் போய் நிற்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னோம்.

அந்த வருடத் திருவிழாவுக்கு மதகடிப்பட்டிலிருந்து வேறு மைக் செட் வந்தது. அடுத்த வருடமும். போகட்டும் என்று விட்டேன். கல்யாண வீடுகளில் அந்த நாகஸ்வரப் பாட்டைக் கேட்டால், தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று பொய் சொல்வேன். டீச்சரம்மா அடுத்த கோடையில் மாற்றல் வாங்கிக்கொண்டு பாகூருக்குப் போனார். அண்ணன்மார் வீட்டுக்கு இல்லை, தனியாக ஒரு வீடு எடுத்து. இந்தத் தடவை யாரும் திரும்பக் கூட்டிவரவில்லை. பிறகு பல ஊர்களில் அந்த ஆட்டத்தை ஆடினார். ஒயர் மாற்றிய அதே மைக்கை எடுத்துக்கொண்டு நான் போவேன். தவளக்குப்பத்தில் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்று, வண்டிக்காரர் இறங்காமலே முழுதும் பார்த்தார். போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருத்தர், "அடிக்கிறவன் எங்கே? ஆளையே காணோமே?" என்று கத்துவார்கள். வில்லியனூரில் மட்டும்தான் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இப்போது அவருக்கு மூட்டு தேய்ந்துபோய்விட்டது. பெருநாளுக்குப் பிரியாணி கொண்டுபோனால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழுந்து விழுந்து தேய்ந்த முட்டி பாய் இது என்று தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

போன வருடம் ஒரு மதியம். கடைக்கு மேல் மாடியைப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். மகன் இரண்டு பெரிய பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். கடையே அதிர்கிற பாட்டு. அந்தச் சத்தத்துக்குள்ளேயும் என் காதுக்குத் தெரிந்துவிட்டது. மேலே தொம் என்று ஒன்று. "நிறுத்துடா" என்று கத்தினேன். நிறுத்தினான். மறுபடியும் கேட்டது. மகன் என்னைப் பார்த்தான். மேல்தட்டிலிருந்து மைக்கை எடுத்து அவன் கையில் கொடுத்து, நின்றுகொண்டே கதையைச் சொன்னேன். மேலே சத்தம் கேட்கிறபோது கதை சொல்லிக்கொண்டிருந்த கிழவனைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். அவனும் முழுதும் கேட்கவில்லை. நாகஸ்வரம் என்று நான் சொன்ன இடத்திலேயே மைக்கை என் கையில் திணித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மாடிப்படியில் ஏறினான்.

கீழே இருந்து கதவு தட்டுகிற சத்தத்தைக் கேட்டேன். திறக்கிற சத்தத்தைக் கேட்டேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளின் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எந்தப் பொத்தானையும் நான் தொடவில்லை. நசுங்கிய பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் இறங்கி வந்தான். மறுபடியும் படிக்கட்டைப் பார்த்தபடி, கடை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னாடா சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாய்ல வரல அத்தா. சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன்" என்றான்.